ஒரு வளவு, மூன்று உலைகள்: திருகோணமலையின் சிறுத்துவரும் குடித்தனங்கள்

ஒரு வீட்டில் எத்தனை பேர் வாழ்கின்றார்கள் என்பது மிக எளிதான கேள்வியாகவே தோன்றும். குடிசன மதிப்புக்கு வரும் உத்தியோகத்தர் படலையில் நின்று முதலில் கேட்பதும் இதனையே. ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குடியிருப்புகளில், அது பாலையூற்றாயினும் சரி, கிண்ணியாவாயினும் சரி, இக்கேள்விக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. "எங்கள் வளவில் பதினொரு பேர்" என்பார் தாய். அதே வளவின் புதிய வீட்டில் இருக்கும் மகளைக் கேட்டால் "நாங்கள் நாலு பேர்" என்பார். இருவர் கூறுவதும் உண்மையே.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இதில் மகளின் பக்கமே நிற்கின்றது. ஒன்றாக வாழ்ந்து, சமையலையும் உணவையும் பொதுவாகக் கொண்டவர்களே ஒரு குடித்தனம் என்பது அதன் வரைவிலக்கணம். சுருங்கக் கூறின், உலை ஒன்றாயின் குடித்தனம் ஒன்று; உலை மூன்றாயின் குடித்தனம் மூன்று. வேலி ஒன்றாக இருப்பதும் கிணறு ஒன்றாக இருப்பதும் கணக்கில் வருவதில்லை. இந்த வரைவிலக்கணத்தை மனதில் கொண்டால்தான், 'குடும்பங்கள் சிறுத்து வருகின்றன' என்று அடிக்கடி கூறப்படும் கருத்து நமது மாவட்டத்தைப் பொறுத்தவரையில் எதனைக் குறிக்கின்றது என்பது விளங்கும்.

இலங்கையில் அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு குடித்தனத்தில் சராசரியாக ஐந்து பேருக்கு மேல் இருந்தனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நாட்டின் 2 கோடியே 3 இலட்சம் மக்கள் 52 இலட்சத்துக்கும் அதிகமான குடித்தனங்களில் வாழ்ந்தனர். அதாவது குடித்தனம் ஒன்றுக்கு நால்வருக்கும் சற்றுக் குறைவு. 2019இல் மேற்கொள்ளப்பட்ட குடித்தன வருமான செலவின ஆய்வு இதனை மேலும் குறைவாக 3.7 எனக் காட்டியது. இது நமக்கு மட்டுமே உரிய போக்கன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலும் சராசரி நால்வரைத் தொடவில்லை. யப்பானில் 2020இல் அது 2.2 ஆகக் குறைந்ததோடு, அங்குள்ள குடித்தனங்களில் 38 வீதமானவை தனியொருவர் வாழ்பவையாகவும் மாறிவிட்டன.

இத்தகைய எண்கள் வெளிவரும்போது கூட்டுக் குடும்பம் சிதைகின்றது, பாசம் குறைகின்றது என்று கவலைப்படுவோர் ஒருபுறம். மக்கள் அறிவு பெற்றுவிட்டனர் என்று மகிழ்வோர் மறுபுறம். திருகோணமலையைப் பொறுத்தவரையில் இவ்விரு கருத்துகளும் பிரச்சினையின் மையத்தைத் தொடுவதாகத் தெரியவில்லை. இங்கு எழும் கேள்வி பாசத்தைப் பற்றியது அன்று, காணியைப் பற்றியது.

எளிய கணக்கு

1981இல் திருகோணமலை மாவட்டத்தின் குடிசனம் ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரம். 2012இல் அது 3 இலட்சத்து 79 ஆயிரம். முப்பத்தொரு ஆண்டுகளில் ஏற்பட்ட அதிகரிப்பு 48 வீதம். இதே காலத்தில் குடித்தனமொன்றின் சராசரி ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தது என்று கணக்கின் வசதிக்காக வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் 51 ஆயிரம் வீடுகள் போதியிருந்த மாவட்டத்துக்கு 95 ஆயிரம் வீடுகள் தேவைப்படும். மக்கள் தொகை ஏறத்தாழ அரைப் பங்கினால் கூடியபோது வீட்டுத் தேவை 85 வீதத்தினால் கூடுகின்றது. அதிகமாகத் தேவைப்படும் 44 ஆயிரம் வீடுகளில் ஏறக்குறைய 19 ஆயிரம், மக்கள் பெருகியதால் அல்ல, குடித்தனம் சிறுத்ததால் மட்டுமே தேவைப்படுபவை.

மாவட்டத் திட்டங்கள் பெரும்பாலும் தலைகளை எண்ணியே வரையப்படுகின்றன. ஆனால் காணி கேட்பதும், குழாய் நீர் இணைப்புக் கேட்பதும், மின்மானி கேட்பதும், மலசலகூடக் குழி தோண்டுவதும் தலைகள் அல்ல, குடித்தனங்கள். பிறப்பு வீதம் குறைந்தால் நெருக்கடியும் தானாகத் தணியும் என்று எண்ணியிருப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். நாட்டில் 2019இல் 3 இலட்சத்து 19 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கின. ஆயினும் இன்று திருமண வயதில் நிற்பவர்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் பிறந்தவர்கள். அவர்கள் ஒவ்வொரு இணையும் ஒரு புதிய உலையை மூட்டவே செய்யும்.

உலை பிரியும் விதம்

குடித்தனம் சிறுப்பதற்குப் பிள்ளைகள் குறைவாகப் பிறப்பது ஒரு காரணம் மட்டுமே. கிழக்கில் அதனினும் பழமையான காரணம் ஒன்று உண்டு. மகளுக்குத் திருமணம் செய்து கொடுக்கும்போது வீட்டையும் சேர்த்துக் கொடுப்பது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரிடமும் ஆழ வேரூன்றிய வழக்கமாகும். மூதூர், கிண்ணியா உள்ளிட்ட கொட்டியாரக் குடாக் கரையோர ஊர்களும் இதற்கு விலக்கல்ல. மூத்த மகளுக்கு இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் சிறியதொரு வீட்டுக்கு ஒதுங்குவர். இரண்டாவது மகள் பருவமெய்தியதும் அடுத்த அத்திவாரம் போடப்படும். இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் ஒரு வளவு மூன்று வளவாகின்றது. உறவு பிரிவதில்லை, உலை மட்டுமே பிரிகின்றது.

மணமகன் கொடுக்க வேண்டியது மஹர் என்பதைக் குத்பா மேடைகளில் உலமாக்கள் வலியுறுத்துகின்றனர். சீதனக் கொடுமையைப் பற்றித் தமிழ் மேடைகளிலும் பேசப்படாத நாளில்லை. மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தந்தையும் சகோதரர்களும் வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைப்பதும், சில வீடுகளில் தாயே பணிப்பெண்ணாகச் செல்வதும் நாம் அறிந்ததே. எனினும் இந்த வழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. தன் பெயரில் வீடும், சுற்றிவரத் தாயும் சகோதரிகளும் உள்ள பெண், கணவன் வீட்டில் ஒதுங்கி வாழும் பெண்ணைவிடப் பாதுகாப்பானவள். ஆகவே குடித்தனம் சிறுப்பதைத் தனிமைப்படலாக மட்டும் பார்ப்பது நமது ஊர்களின் நடைமுறைக்குப் பொருந்தாது.

யுத்தம் வேறொரு விதமாக உலைகளைப் பிரித்தது. 1991இல் நாட்டில் குடிசன மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் திருகோணமலையில் அதனை முழுமையாக நடத்த முடியவில்லை. 1981க்கும் 2012க்கும் இடையில் இம்மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவேயில்லை. அந்த இடைவெளியில்தான் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் தமிழகத்துக்கும் மேலை நாடுகளுக்கும் சென்றன. 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டில் சம்பூர் மக்கள் தமது ஊரைவிட்டு வெளியேறினர். அவர்கள் மீள்வதற்கு 2015ஆம் ஆண்டும் அதற்குப் பின்னரும் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு குடும்பமாக வெளியேறிய வீட்டில் பத்து வயதாயிருந்த பிள்ளை மீளும்போது இருபது வயதை எட்டியிருந்தது. முகாமில் திருமணங்கள் நடந்தன, பேரப்பிள்ளைகள் பிறந்தனர். ஆனால் திரும்பிச் சென்ற காணியோ சென்றபோதிருந்த அதே காணிதான்.

நகரம் விரியும் திசை

திருகோணமலை நகரம் நினைத்தபடி விரியக்கூடிய நகரமன்று. கிழக்கே கடல், தெற்கே துறைமுகம். கோட்டையும் கடற்படைத் தளமும் குடாநிலத்தின் முனைகளைப் பிடித்துள்ளன. துறைமுகத்தைச் சூழவுள்ள நிலத்தின் பெரும்பகுதி துறைமுக அதிகார சபைக்கு உரியது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2022 ஜனவரியில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகள் மூலம் அவை இலங்கை, இந்திய நிறுவனங்களுக்கும் இரண்டினதும் கூட்டு நிறுவனத்துக்குமாகப் பகிரப்பட்டன. ஆகவே நகரின் புதிய குடித்தனங்களுக்கு எஞ்சியிருப்பது வீதியோரங்களே. நிலாவெளி வீதியில் உப்புவெளியும் அதற்கு அப்பாலும், கண்டி வீதியில் பாலையூற்றும், அனுராதபுரச் சந்தியைச் சூழ்ந்த பகுதிகளும் இவ்வாறே நிறைந்தன.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் இந்த விரிவு குடாவின் மறுகரைக்கும் சென்றது. படகுப்பாதைக்குக் காத்திருந்த ஊர், நகருக்கு வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் புறநகராகியது. ஆனால் குடியிருப்பு விரியும் வேகத்தில் வசதிகள் விரியவில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் பயன்படுத்தப்பட்ட படகுப்பாதை கவிழ்ந்து மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. 2017இல் நாடெங்கும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேரைப் பீடித்த டெங்கு முதலில் கடுமையாகத் தாக்கிய ஊர்களுள் கிண்ணியாவும் ஒன்று. ஒரு வளவுக்குள் மூன்று வீடுகள், அவற்றிடையே வடிகாலற்ற ஒடுங்கிய ஒழுங்கை, வீட்டுக்கு வீடு நீர் சேமிக்கும் பாத்திரங்கள் என்ற நிலை நுளம்புக்கு எவ்வளவு வாய்ப்பானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் எண்ணும் குடும்பம்

இங்குதான் சட்டமும் வழக்கமும் மோதுகின்றன. மாவட்டத்தின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டவை. காணி துண்டாடப்படக் கூடாது என்பது அச்சட்டத்தின் அடிப்படை நோக்கம். அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளியைப் பெயரிடாமல் இறந்தால் மூன்றாம் அட்டவணையின்படி மகன்மாருக்கே முன்னுரிமை, அவர்களுள்ளும் மூத்தவருக்கே. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் சமூகங்களின் மீது ஆணுக்குக் காணி கொடுக்கும் சட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமத்தப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு காணிக்கு இரண்டு மகள்மார் இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அது விடையாகவில்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டைக் குடியிருப்புக் காணியாக அங்கீகரிப்பதில்லை. சுகாதார நோக்கில் இது நியாயமானதே. ஆனால் 15 பேர்ச் வளவொன்றை மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 5 பேர்ச்சே கிடைக்கும். அப்போது வீடு எழும், உறுதி எழாது. உறுதியில்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும், கட்டட அனுமதி பெறுவதும் கடினம். நாளை அபிவிருத்தித் திட்டமொன்றுக்காகக் காணி எடுக்கப்பட்டால் நட்டஈடு கேட்பதற்கும் ஆவணம் இராது. 2025இல் முத்துநகர் விவசாயிகள் தமது வயற்காணிகள் சூரிய மின்சக்தித் திட்டங்களுக்காக எடுக்கப்படுவதை எதிர்த்து வீதிக்கு வந்தபோது, ஆண்டாண்டாகப் பயிரிட்டவனுக்கும் பத்திரம் வைத்திருப்பவனுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பது வெளிப்பட்டது.

கடற்கோள் காலத்து அனுபவமும் இதனையே கூறுகின்றது. 2004 டிசம்பர் 26இல் இம்மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாகினர். கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று கிழக்குக்கு விதிக்கப்பட்டது. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா உதவி என்றும், வீட்டுக்கு வீடு என்றும் கொள்கை வகுக்கப்பட்டது. கொள்கை நேர்மையானதே. ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்த வீட்டுக்கும் ஒரு வீடே கிடைத்தது. அதனினும் பெரிய இழப்பு வேறு. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு அலையில் போனது. மீள்குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வீடோ 'குடும்பத் தலைவர்' என்ற தலைப்பின் கீழ்ப் பெரும்பாலும் கணவனின் பெயரில் எழுதப்பட்டது. குடும்பத் தலைவர் என்பது சட்டத்தில் உறுதியான அடிப்படை கொண்ட பதவியன்று; படிவங்களில் வழங்கிவரும் பழக்கம். அந்தப் பழக்கமே பல பெண்களின் உரிமையைக் கைமாற்றியது.

படிவம் ஒன்று, வயிறுகள் பல

நலன்புரி உதவிகளிலும் இதே குழப்பம் நிலவுகின்றது. சமுர்த்திக் கொடுப்பனவு குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் கருத்தில் கொண்டு வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2023இல் அதனிடத்துக்கு வந்த அஸ்வெசும குடும்பத்துக்கு ஒரே தொகையை வழங்குகின்றது. மிக வறிய குடும்பத்துக்கான மாதாந்தத் தொகை 15 ஆயிரம் ரூபாவாக ஆரம்பித்து 2025இல் 17 ஆயிரத்து 500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மூவர் உள்ள வீட்டில் இது தலைக்கு 5,833 ரூபா. எழுவர் உள்ள வீட்டில் தலைக்கு 2,500 ரூபா. திருமணமான மகளையும் அவளது பிள்ளைகளையும் தன்னுடன் வைத்துக் காக்கும் முதிய தாய், அவ்வாறு காப்பதற்காகவே தண்டிக்கப்படுகிறாள் எனலாம். தெரிவுக்கான ஆறு அளவுகோல்களுள் குடும்ப அமைப்பும் ஒன்றாக இருந்தபோதிலும், கொடுப்பனவின் அளவில் அது பிரதிபலிக்கவில்லை.

முதியோர் நிலையும் கவனத்துக்குரியது. 2012இலேயே இந்நாட்டில் எட்டுப் பேருக்கு ஒருவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நாடு மேலும் முதுமையடைந்துள்ளதையே காட்டுகின்றது. ஒரே வளவில் உலை பிரிந்த வீட்டில் தாய்க்குக் காய்ச்சல் என்றால் மகள் வேலியைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் வளவு நிறைந்து, இளையவர்கள் தொலைவிலுள்ள திட்டக் குடியிருப்புக்கோ வெளிநாட்டுக்கோ சென்ற வீட்டில் அந்தத் தாய் உண்மையாகவே தனித்துப் போகிறாள். புள்ளிவிபரத்தில் இவ்விரு தாய்மாரும் ஒரே கட்டத்தில்தான் அடங்குவர். சிறிய குடித்தனங்கள் அருகருகே அமைவதற்கும் சிதறிப் போவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காணியே.

எண்களும் அச்சமும்

இத்தகைய விடயத்தை இம்மாவட்டத்தில் பேசுவது இலகுவன்று. 1981இல் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகியோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்தனர். 2012இல் முஸ்லிம்கள் 40 வீதத்தைத் தாண்டினர். தமிழர் 30 வீதத்தைச் சற்றுத் தாண்டினர். சிங்களவர் 27 வீதமாயினர். இம்மாற்றத்தைப் பிறப்பு வீதத்தால் மட்டும் விளக்க முற்படுவது தவறு. இடம்பெயர்வும், வெளிநாட்டுப் புலப்பெயர்வும், குடியேற்றங்களும், அச்சமும் சேர்ந்தே இவ்வெண்களை உருவாக்கின. பெரிய குடும்பம் என்பதை ஒரு சமூகத்தின் மீதான குற்றச்சாட்டாக மாற்றுவதன் விளைவை 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கண்டோம். உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளப்பப்பட்ட வதந்தி கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கும் வரை சென்றது. உணவில் இருந்தது மாக்கட்டி என்பதைப் பின்னர் அரச பகுப்பாய்வாளர் உறுதிப்படுத்தினார்.

தமிழரும் முஸ்லிம்களும் தத்தமது எண்களை மற்றவருக்கு எதிரான ஆயுதமாக ஏந்துவதால் இரு தரப்புக்கும் ஒரு பேர்ச் காணியேனும் கூடப் போவதில்லை. செல்வநாயகபுரத்தில் இரண்டாவது மகளுக்கு அத்திவாரம் போட இடமின்றித் தவிக்கும் தந்தையும், கிண்ணியாவில் அதே நிலையிலுள்ள தந்தையும் ஒரே கச்சேரியின் வாசலில்தான் காத்திருக்கின்றனர். அவர்களது கோரிக்கைகளும் ஒன்றே.

அக்கோரிக்கைகள் பெரியவையல்ல. முதலாவதாக, 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் குடித்தன விபரங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, ஒரு வீட்டலகில் எத்தனை குடும்பங்கள் என்ற விபரத்துடன், மும்மொழியிலும் மக்கள் கையில் கிடைக்க வேண்டும். மாவட்ட, பிரதேச அபிவிருத்திக் குழுக்கள் தலைகளோடு உலைகளையும் எண்ணித் திட்டமிட வேண்டும். இரண்டாவதாக, அரசு வழங்கும் ஒவ்வொரு வீடும் காணியும் மனைவியின் பெயரையும் தாங்கிய கூட்டு உறுதியாக அமைய வேண்டும். மூன்றாவதாக, ஒரே வளவில் உறவினர் அமைக்கும் வீடுகளுக்கு வடிகால், மலசலகூட வசதிகளை நிபந்தனையாக்கி, பங்குரிமையுடன் கூடிய சட்ட அங்கீகாரம் வழங்க வழிகாண வேண்டும். நான்காவதாக, அஸ்வெசும கொடுப்பனவில் உறுப்பினர் எண்ணிக்கை மீண்டும் இடம்பெற வேண்டும்.

துறைமுகத்தின் எதிர்காலம் குறித்துக் கொழும்பிலும் புதுடில்லியிலும் அபுதாபியிலும் பேசப்படுகின்றது. எண்ணெய்த் தாங்கிகளுக்கும் மின்நிலையங்களுக்கும் எத்தனை ஏக்கர் தேவை என்பது அங்கு துல்லியமாகக் கணக்கிடப்படுகின்றது. அந்தத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்களின் பிள்ளைகளுக்கு எத்தனை பேர்ச் தேவை என்பதையும் அதே துல்லியத்துடன் கணக்கிட்டு அந்த மேசையில் வைக்க வேண்டியது நமது மக்கள் பிரதிநிதிகளின் கடமையாகும். அவர்கள் அதனைச் செய்யத் தவறினால், அடுத்த குடிசன மதிப்புக்கு உத்தியோகத்தர் வரும்போது அந்தத் தாய் 'எங்கள் வளவில்' என்று கூறுவதற்கு வளவு இராது.